பிரெஞ்சுக் கிராமத்தில் நாலு ராத்திரி: எங்கே தங்கலாம்?

கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். கல்யாணமாகிப் பத்து வருஷம். ஜூன் மாதம் அவனும் மனைவியும் மட்டும் பாரிஸ் வருகிறார்கள். பிள்ளைகள் இரண்டும் மாமியார் வீட்டில். "பாரிஸ் நாலு நாள் போதுங்கண்ணா. மிச்சம் நாலு ராத்திரி ஏதாவது கிராமத்துல இருக்கணும். பழைய கல்லு வீடு, ஜன்னலைத் திறந்தா திராட்சைத் தோட்டம்... நீங்கதான் அங்கயே இருக்கீங்களே, நல்ல இடமா ஒண்ணு சொல்லுங்க."

கூடவே மூன்று நிபந்தனை. அவன் மனைவி சைவம். அவன் ஊரில் நன்றாகக் கார் ஓட்டுவான், ஆனால் சாலையின் வலப்பக்கம் ஓட்டியதே இல்லை. செலவு, அறையும் சாப்பாடும் சேர்த்து இருவருக்கும் ஒரு நாளைக்கு 200 யூரோவைத் தாண்டக் கூடாது.

அன்று இரவே வாட்ஸப்பில் எட்டு லிங்க் வந்து விழுந்தது. எட்டிலும் வெள்ளைத் திரை கட்டிய கட்டில், கல் சுவர், மரச்சட்ட ஜன்னல். பார்க்கப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் ஐந்து இடங்களில் ராத்திரிச் சாப்பாடு கிடையாது. ஆறு இடங்களுக்குக் கார் இல்லாமல் போகவே முடியாது. தம்பி இரண்டையும் கவனிக்கவில்லை.

அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பாரிஸ் பக்கம் குடிவந்த புதிதில் நானும் ஜன்னல் படத்தைப் பார்த்துத்தான் ஓர் அறை பிடித்தேன். அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. போய்ச் சேரும்போது இரவு எட்டு நாற்பது. வீட்டுக்கார அம்மா சாவியைக் கொடுத்து, வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் திருகவேண்டும் என்று காட்டிவிட்டுப் போய்விட்டார். அறை படத்தில் இருந்ததைவிட அழகு. ஊரில் இருந்த ஒரே உணவகம் ஞாயிறு இரவும் திங்களும் விடுமுறை. 14 கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனால், அங்கே நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தேவாலயத்து வாசல் விளக்கடியில் காரை நிறுத்தி, டிக்கியில் கிடந்த ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் இரண்டு ஆரஞ்சுப் பழத்தையும் சாப்பிட்டோம். இன்றைக்கும் யாராவது "ரொமான்டிக் ட்ரிப்" என்றால் என் மனைவி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள்.

அதற்கப்புறம் நான் அறையை வைத்து இடம் தேடுவதை விட்டுவிட்டேன். ராத்திரி எங்கே சாப்பிடுவது, சாப்பிட்டுவிட்டு எப்படித் திரும்புவது என்ற இரண்டு கேள்விக்குத்தான் முதலில் பதில் தேடுவேன். கட்டில் அடுத்தது. ஜன்னல் கடைசி.

நம்மூர்ப் பழக்கத்தில் இது விசித்திரமாகத் தோன்றும். பசித்தால் தெருமுனையில் ஒரு கடை இருக்கும், இல்லாவிட்டால் ஆப்பில் வரவழைக்கலாம் என்று நினைப்போம். பிரான்சில் சில நூறு பேர் வாழும் கிராமத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் பூனை நடமாடும், அவ்வளவுதான். உணவகச் சமையலறை பல இடங்களில் ஒன்பது, ஒன்பதரைக்கு மூடிவிடும். முன்கூட்டிச் சொல்லாமல் டாக்சி வராது. பஸ் சாயங்காலத்தோடு சரி. காரில் போனாலோ, இங்கே ஓட்டுநருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. லைசென்ஸ் எடுத்த புதிதென்றால் 0.2. வைன் ஊற்றும் மேசையில் ஒருவர் தண்ணீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு மணி பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். திரும்பும் வழியில் தெருவிளக்கு இருக்காது, மான் குறுக்கே பாயும்.

சரி, இந்தக் கண்ணோடு நாலு வகைத் தங்குமிடங்களைப் பார்ப்போம். ஒரு சின்னக் குறிப்பு: பிரெஞ்சுப் பெயர்களில் நான் ழ என்று எழுதும் இடத்தில் 'பழம்' என்பதுபோல நாக்கை மடிக்காதீர்கள். ஷகரமும் ஜகரமும் கலந்த ஓர் ஒலி அது. பாண்டிச்சேரிக்காரர்கள் அதற்கு ழ போட்டுப் பழகிவிட்டார்கள், எனக்கும் அதுவே வருகிறது.

ஷாத்தோ: படத்துக்கு நூறு மார்க்

தம்பி அனுப்பிய எட்டில் மூன்று ஷாத்தோ. அகராதியில் கோட்டை, அரண்மனை என்று இருக்கும். நடைமுறையில் அகழியும் கோபுரமும் உள்ள நிஜ அரண்மனையும் ஷாத்தோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பணக்கார வியாபாரி கட்டிய பெரிய வீடும் ஷாத்தோ, போர்தோ பக்கம் வைன் தயாரிக்கும் பண்ணை வீடும் ஷாத்தோதான். பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டக் கூடாது.

ஹோட்டலாக நடக்கும் ஷாத்தோக்களில் பெயர்பெற்றவை சில 'ரெலே எ ஷாத்தோ' என்ற கூட்டமைப்பில் இருக்கின்றன. 1954இல் பாரிஸிலிருந்து நீஸ் போகும் பாதையில் எட்டு விடுதிகள் சேர்ந்து தொடங்கியது, இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. இந்தத் தரத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. உள்ளேயே உணவகம், தேர்ந்த சமையல்காரர், முன்னதாகச் சொன்னால் சைவத்துக்கென்று தனியாகவே யோசித்துச் சமைப்பார்கள். கவலையெல்லாம் பில்லில்தான். அறை 250 யூரோவுக்குக் கீழே கிடைத்தால் அதிர்ஷ்டம். சாப்பாடு ஆளுக்கு 80, 100 என்று போகும், காலை உணவுக்கு ஆளுக்கு 25 தனி. ஊருக்கு வெளியே பூங்காவின் நடுவில் இருப்பதால் வேறு எங்கும் போய்ச் சாப்பிடவும் வழியில்லை.

இன்னொன்று. ஷாத்தோ ஹோட்டலில் குறைந்த விலை அறை பெரும்பாலும் ஷாத்தோவுக்குள் இருக்காது. பக்கத்தில் பழைய குதிரை லாயத்தையோ தோட்டக்காரர் வீட்டையோ சீர்செய்து அறையாக்கியிருப்பார்கள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் கோபுரத்துக்குக் காசு கொடுத்து லாயத்தில் தூங்குகிறீர்கள். பதிவு செய்யுமுன் அறை எந்தக் கட்டடத்தில் என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கடைசி ஒரு இரவுக்கு ஷாத்தோ சரி. நாலு இரவு அங்கேயே என்றால், இரண்டாம் நாளே "மதாம், முசியே" என்று குனிந்து நிற்கும் மரியாதை அலுத்துவிடும். என் அபிப்பிராயம் இது. உபசாரத்தை ரசிக்கிறவர்களுக்கு வேறாக இருக்கலாம்.

ஓபெர்ழ்: அறை சுமார், மேசை பிரமாதம்

நமக்குத் தெரிந்த 'இன்' என்ற சொல்லுக்கு நேரான பிரெஞ்சுச் சொல் ஓபெர்ழ். குதிரை வண்டிக் காலத்தில் வழிப்போக்கர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்த சத்திரங்களின் வாரிசு. கீழே உணவகம், மேலே எட்டோ பத்தோ பன்னிரண்டோ அறைகள். பல இடங்களில் கணவர் அடுப்படியில், மனைவி கல்லாவிலும் பரிமாறலிலும். பெயரில் ஓபெர்ழ் என்று இருக்கவேண்டும் என்பதில்லை. சில இடங்களில் வெறும் 'ஓட்டெல்-ரெஸ்தொரான்' என்று பலகை இருக்கும். இவற்றில் பல 'லோஜி' என்ற சங்கத்தில் இருப்பவை, இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் தொடங்கியது. கணப்பு அடுப்புச் சின்னம் போட்ட பலகை வாசலில் தொங்கினால் அந்தச் சங்கம்தான். அறைத் தரத்துக்கு நட்சத்திரத்துக்குப் பதில் கணப்பு அடுப்பு, சாப்பாட்டுத் தரத்துக்கு மூடி போட்ட சட்டி மாதிரி ஒரு பாத்திரம் என்று தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். நான் இரண்டாவதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அறையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சுமார்தான். பூப்போட்ட சுவர்க் காகிதம், ஏறும்போது கிரீச்சென்று சத்தம் போடும் மரப்படி, பெட்டியைத் தூக்க லிஃப்ட் இல்லை. குளியலறையில் முழங்கை இடிக்கும். தம்பி அனுப்பிய படங்களில் ஒன்றோடுகூட இது போட்டி போட முடியாது.

ஆனால் ஏழரை மணிக்குக் கீழே இறங்கிப் பாருங்கள். கரும்பலகையில் அன்றைய சாப்பாட்டைச் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். மூன்று சுற்று 30 முதல் 40 யூரோ. 'ஆந்த்ரே' என்பது முதல் சுற்று, அதையே சாப்பாடு என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். ரொட்டிக் கூடை தானாக வரும், காசு கிடையாது. குழாய்த் தண்ணீரை ஜாடியில் கேட்டால் அதுவும் இலவசம். அவசரப்படுத்த யாரும் இல்லை. ஒரு மேசைக்கு ஒரு இரவில் ஒரு கூட்டம்தான் என்பதால் இரண்டு மணி நேரம் உட்காரலாம்.

பாரிஸுக்குத் தென்மேற்கே லுவார் பள்ளத்தாக்கில் ஒரு ஓபெர்ழில் கடைசிச் சுற்றுக்குமுன் சீஸ் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் சாம்பல் பூசிய நீளக் குழவிபோல ஒன்று. வெட்டும்போது கத்தி எதிலோ தட்டியது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே நடுவிலிருந்து ஒரு வைக்கோல் தாளை உருவிக் காட்டினார். சேன்த்-மோர் என்ற ஆட்டுப்பால் சீஸ். உடையாமல் இருக்க நடுவே கம்பு வைக்கோல் செருகுவது வழக்கம். அந்த வைக்கோலை என் மனைவி பர்ஸில் வைத்துக்கொண்டாள். பத்து மணிக்கு எழுந்தோம். கார் சாவி தேடவில்லை, வழி பார்க்கவில்லை. பதினெட்டுப் படி ஏறினோம், அறை வந்துவிட்டது.

காதல் பயணத்துக்கு எனக்கு இதைவிடப் பெரிய வசதி தெரியாது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உணவகத்துக்கு வார விடுமுறை இருக்கும். ஞாயிறு இரவும் திங்களும் ரொம்பச் சாதாரணம். அன்றைக்கும் அறையை மட்டும் வாடகைக்கு விடும் ஓபெர்ழ்கள் உண்டு. கதவுக்கு ஓர் எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பிவிட்டு அவர்கள் பாட்டுக்கு ஓய்வெடுப்பார்கள். அப்புறம் நீங்களும் நானும் ஒன்று: பிஸ்கட், ஆரஞ்சு. அறையோடு காலை உணவும் இரவுச் சாப்பாடும் சேர்த்த கட்டணத்தை 'தெமி-பான்சியோன்' என்பார்கள். அதைக் கேட்டு வாங்கினால் எந்த இரவு அடுப்பு எரியும் என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

ஷாம்ப்ர் தோத்: வீடும் வீட்டாரும்

ஒருவர் தன் சொந்த வீட்டில் சில அறைகளை விருந்தாளிகளுக்கு விடுவது ஷாம்ப்ர் தோத். சட்டப்படி ஐந்து அறை, பதினைந்து பேர், அதற்கு மேல் கூடாது. காலை உணவும் விரிப்பு, துண்டும் வாடகையிலேயே அடக்கம். வீட்டுக்காரரே வரவேற்க வேண்டும் என்பதும் சட்டம். தம்பி கனவு காணும் கல்வீடும் திராட்சைத் தோட்டமும் நியாயமான விலையில் கிடைப்பது இங்கேதான். 80 முதல் 130 யூரோவுக்கு, ஓபெர்ழில் கனவிலும் கிடைக்காத அறை கிடைக்கும். பரம்பரை ஷாத்தோவின் கூரைச் செலவுக்காக நாலைந்து அறைகளை இப்படி விடும் குடும்பங்களும் உண்டு. அரண்மனையில்தான் தூங்கவேண்டும் என்றால் அவர்களிடம் போங்கள். ஹோட்டல் விலையில் பாதிதான் ஆகும், லாயத்திலும் படுக்க வேண்டாம்.

இரவுச் சாப்பாடு? அது 'தாப்ள் தோத்' உள்ள வீடா என்பதைப் பொறுத்தது. உள்ள வீட்டில் முன்கூட்டிச் சொன்னால் வீட்டு மேசையிலேயே சாப்பாடு. தங்குகிறவர்களுக்கு மட்டும்தான், ஒரே மெனு, வைனும் சேர்த்து ஆளுக்கு 30 யூரோ அளவில். வாரத்தில் சில நாள் மட்டும் போடுகிறவர்களும் உண்டு. இல்லாத வீட்டில் பழைய கதைதான், காரை எடு.

அந்த மேசை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. பிரான்சின் தென்மேற்கில் தோர்தோஞ் பக்கம் ஒரு வீட்டில் ஏழு பேர் ஒரே நீள மேசை. பெல்ஜியத்திலிருந்து ஒரு தம்பதி, லீலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை, வீட்டுக்கார அம்மா, அவருடைய எண்பதைத் தாண்டிய அப்பா. நாங்கள் தமிழ்நாடு என்றதும் பெரியவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "போந்திஷெரி, கரிக்கால், யனாவோன், மாஹே, ஷாந்தெர்னகோர்" என்று எங்கள் வாய்ப்பாடுபோல ராகம் போட்டு ஒப்பித்தார். இந்தியாவில் இருந்த ஐந்து பிரெஞ்சு ஊர்களையும் பள்ளிக்கூடத்தில் அந்த வரிசையில்தான் மனப்பாடம் செய்ய வைப்பார்களாம். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போய் பதினொன்றரைக்கு வால்நட் கேக்கோடு முடிந்தது.

எனக்கு மறக்க முடியாத இரவு. என் மனைவி மாடிக்கு வந்ததும் கேட்டாள்: "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இன்னிக்கு நாம ரெண்டு பேரும் ஒரு வார்த்தையாவது பேசிக்கிட்டோமா?" பேசிக்கொள்ளவில்லை. அதிலும் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் பிரெஞ்சு வராது. பாதிப் பேச்சு புரியாமல் மூன்று மணி நேரம் சிரித்தபடி உட்கார்ந்திருப்பது லேசான வேலை இல்லை. தனியாகப் பயணம் போகிறவருக்கு ஷாம்ப்ர் தோத்தைவிட நல்லது கிடையாது. பத்தாம் கல்யாண நாளுக்கு வந்த ஜோடிக்கு நான் யோசித்துத்தான் சொல்வேன்.

பணம் கட்டும் முறையிலும் ஒரு நுணுக்கம். சிறு வீடுகளில் கார்டு மெஷின் இருக்காது, முன்பணம் கேட்பார்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் முன்பணம் இரண்டு வகை. 'ஆர்' என்று எழுதியிருந்தால், நீங்கள் போகாவிட்டால் அந்தப் பணம் மட்டும் போகும். அவர்கள் ரத்துசெய்தால் இரட்டிப்பாகத் திருப்பித் தரவேண்டும். 'அக்கோம்த்' என்று எழுதியிருந்தால் அது உறுதியான ஒப்பந்தம், ரத்துசெய்தாலும் முழுத் தொகையைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. விசா கைக்கு வருமுன் பதிவு செய்கிறவர்களுக்கு இந்த ஒரு சொல் முக்கியம். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள் என்பதால், காசில்லாமல் ரத்துசெய்யக்கூடிய பதிவாகப் பார்ப்பது இன்னும் நல்லது.

ழீத்: சமைக்கத் தயாரென்றால்

முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்து நாமே சமைத்துக்கொள்வது ழீத். கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்த காலத்தில், பாழாகும் பண்ணை வீடுகளைக் காப்பாற்றவும் விவசாயிகளுக்கு உபரி வருமானம் கிடைக்கவும் 1951இல் தெற்கே ஆல்ப்ஸ் பகுதியில் முதல் வீடு திறந்தது. 1955இல் 'ழீத் த பிரான்ஸ்' கூட்டமைப்பு வந்தது. இவர்களின் தரக்குறி கோதுமைக் கதிர்.

சைவச் சாப்பாட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பு இல்லை, ரசம்கூட வைக்கலாம். ஆனால் கோடையில் பெரும்பாலும் சனி முதல் சனிவரை ஒரு வாரமாகத்தான் விடுவார்கள், கார் இல்லாமல் காய்கறிகூட வாங்க முடியாது, விரிப்புக்கும் கடைசி நாள் சுத்தம் செய்யவும் தனிக் காசு கேட்கலாம். இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு வாரம் போனால் இதுதான் மலிவு. கல்யாண நாளன்று யார் பாத்திரம் தேய்ப்பது என்ற கேள்விக்குத் தம்பியிடம் பதில் இல்லை.

எந்தப் பக்கம்?

கார் இல்லை, சைவம் என்ற இரண்டும் சேர்ந்தால் வரைபடத்தில் பாதி தானாக அழிந்துவிடும்.

தோர்தோஞ் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சார்லா சந்தையும் ஆற்றோரப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்களும் கண்ணிலேயே நிற்கும். ஆனால் அங்கே வாத்துதான் ராஜா. கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில் வறுப்பார்கள். காரும் வேண்டும். தென்கிழக்கே லுபெரோனில் கோர்த், ருசியோன் மாதிரி குன்றுமேல் ஊர்கள், கத்திரிக்காயும் சுரைக்காய் இனத்துக் காய்களும் தக்காளியும் மணக்கும் சமையல். சைவத்துக்கு ஏற்ற இடம். ஜூன் கடைசியில் லாவெண்டரும் பூக்கும், அதனாலேயே விலையும் ஏறும். அவிஞோன்வரை ரயில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுவிடும், அங்கிருந்து குன்றுக்கு மறுபடி கார். ஜெர்மன் எல்லையோரம் அல்சாஸில் கொல்மார் நகரத்தைச் சுற்றித் திராட்சை ஊர்கள் அடுத்தடுத்து இருப்பதால் கார் இல்லாமல் சமாளிக்கலாம். ஆனால் பன்றி இறைச்சித் துண்டு விழாத பாத்திரம் அங்கே குறைவு. கேட்டால் போடாமல் தருவார்கள், ஒவ்வொரு வேளையும் கேட்கவேண்டும். போன் (Beaune) என்ற நகரத்தைச் சுற்றிய புர்கோஞ் (ஆங்கிலத்தில் பர்கண்டி) பகுதிக்கு ரயில் வசதி நல்லது, வைன் குடிக்கிறவர்களுக்கு அதுதான் காசி. தம்பி ஒரு கோப்பைக்கு மேல் தொடமாட்டான்.

மிச்சம் லுவார். பாரிஸ் மோன்பர்னாஸிலிருந்து சேன் பியேர் தே கோர் வரை அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம், சற்றுக் கூடலாம். அங்கே மாறி உள்ளூர் ரயிலில் அரை மணிக்குள் ஷெனோன்ஸோ. ஆற்றுக்குக் குறுக்கே பாலம்போலக் கட்டிய அந்த அரண்மனையின் வாயிலை ஒட்டியே ரயில் நிலையம். பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஆன்றி அதைத் தன் காதலி தியானுக்குக் கொடுத்தார். 1559இல் அரசர் செத்ததும் பட்டத்து அரசி கத்தரீன் காதலியை வெளியேற்றிவிட்டு எடுத்துக்கொண்டார். கல்யாண நாளுக்கு இந்தக் கதை எவ்வளவு பொருத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். முக்கியமானது, அரண்மனைக்கு எதிரே உள்ள சின்ன ஊரில் நடந்துபோகும் தூரத்தில் ஓபெர்ழ்கள் இருக்கின்றன. சாயங்காலம் டூரிஸ்ட் பஸ்கள் கிளம்பியதும் ஊர் தங்குகிறவர்களுக்கே சொந்தமாகிவிடும்.

கட்டில், மணி, சேவல்

எந்த வகையைத் தேர்ந்தாலும் சில சின்ன விஷயங்களை எழுதிக் கேட்டுவிடுங்கள். பழைய பிரெஞ்சு இரட்டைக் கட்டில் 140 சென்டிமீட்டர் அகலம்தான். கோபித்துக்கொண்டு திரும்பிப் படுக்கக்கூட இடம் போதாது. 160 வேண்டும் என்று கேட்டால் பல இடங்களில் கிடைக்கும். குளியலறை அறைக்குள்ளேயா, வராந்தாவிலா என்பதையும் கேளுங்கள். ஏசி அநேகமாக இருக்காது. பகலில் மரக்கதவை மூடிவைத்து ராத்திரி திறப்பதுதான் அவர்கள் முறை, ஜன்னலில் கொசுவலை கிடையாது.

தேவாலயத்துக்குப் பக்கத்து அறை என்றால் மணி ராத்திரியும் அடிக்கலாம். சேவல் கூவினால் புகார் செய்ய நினைக்காதீர்கள். ஒலெரோன் தீவில் மொரீஸ் என்ற சேவல்மேல் அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டு, 2019இல் சேவலே ஜெயித்தது. 2021 ஜனவரியில் கிராமத்தின் சத்தங்களையும் வாசனைகளையும் பாரம்பரியமாக ஏற்றுச் சட்டமே வந்துவிட்டது. லேசாகத் தூங்குகிறவர்கள் காது அடைப்பான் கொண்டுபோவது உத்தமம்.

காரோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஆட்டோமேட்டிக் வண்டியை முன்கூட்டியே கேளுங்கள், ஊருக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்குத்தான் முன்னுரிமை. அந்த விதி தெரியாமல் முதல் நாளே வண்டியில் கீறல் வாங்கிய நண்பர்கள் எனக்கு இருவர்.

தம்பிக்குச் சொன்னது

ஷெனோன்ஸோவில் ஓபெர்ழ், நாலு இரவும் ஒரே இடம். செவ்வாய்க்கிழமை போய்ச் சனிக்கிழமை திரும்பு. ஞாயிறு, திங்கள் தொல்லையே இல்லை. அறை 110, இரவுச் சாப்பாடு இருவருக்கும் 70, காலை உணவு 26. மொத்தம் 206 யூரோ, ஊராட்சி வசூலிக்கும் தங்கும் வரி சில்லறை தனி. "ஆறு யூரோ அதிகமாகுதுங்கண்ணா" என்றான். அந்த ஆறை நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பகலில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஷேர் ஆற்றோரம் போகலாம், ஒரு நாள் டாக்சியில் அம்புவாஸ் போய் லியொனார்தோ தா வின்சி 1519இல் உயிர்விட்ட வீட்டைப் பார்க்கலாம். ஒரு ஷாம்ப்ர் தோத்துக்காரர் ஸ்டேஷனுக்கே வந்து அழைத்துப் போவதாக எழுதியிருந்தார், அறையும் அழகு. இரவுச் சாப்பாட்டு மேசையை நினைத்துத்தான் விட்டேன்.

சைவ விஷயத்தை நானே கடிதமாக எழுதினேன். 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் மீன் வந்துவிடும் அபாயம் உண்டு. அதனால் "நி வியாந்த், நி புவாசோன்" என்று விரித்து எழுதினேன்: இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம். வெங்காய சூப்பில் மாட்டெலும்புச் சாறு இருந்தால் அதுவும் வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தேன். சீஸைப் பற்றித் தம்பி மனைவியிடம் தனியாகச் சொன்னேன். பாரம்பரிய சீஸ்களை உறையவைக்கக் கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்த வைக்கோல் சீஸ் வேண்டாம் மாமா, வைக்கோலை மட்டும் வாங்கிக்கறேன்" என்றாள்.

மறுநாள் காலையே ஓபெர்ழ் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. நாலு இரவுக்கும் சைவம் செய்வதில் பிரச்சினை இல்லை, தோட்டத்தில் ஜூன் மாதம் பட்டாணியும் கீரையும் இருக்கும், ஆனால் ஒரே ஒரு கேள்வி என்று எழுதியிருந்தார்: முட்டை?

கோயம்புத்தூருக்கு அனுப்பியிருக்கிறேன். கேக்கில் இருந்தால் பரவாயில்லையாம். ஆம்லெட் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறதாம்.